செத்தவன் யார்?

துப்பறியும் நாவல் எழுதுகிறவன் ஓய்ந்த வேளையில் என்ன படிப்பான் என்பதைப் பற்றி ஜனங்களுக்கு ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. கத்தியும் துப்பாக்கியும் விஷப் புட்டியும் அட்டையில் போட்ட புத்தகங்களாகவே அவன் தலைமாட்டில் அடுக்கியிருக்கும் என்று நினைக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற சமயத்தில், "நல்ல மர்மக் கதையாக ஒன்று சொல்லுங்களேன், சமீபத்தில் என்ன படித்தீர்கள்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடுவதில்லை.

ஒளிக்காமல் பதில் சொல்வதென்றால், சென்ற ஆறேழு மாதங்களில் நான் படித்து ரசித்த புத்தகங்களில் ஒன்றே ஒன்று தான் துப்பறியும் கதை. மற்றவை ஒரு கிராமத்து நாவல், ஒரு நாட்குறிப்பு, ஒரு சுயசரிதை, ஒரு புதைபொருள் ஆராய்ச்சி அறிக்கை, ஒரு வேட்டை நூல். இந்தப் பட்டியலைக் கேட்ட நண்பர் ஒருவர், "ஏன், தொழிலை மாற்றிக்கொள்ளப் போகிறீர்களா?" என்று கவலையோடு விசாரித்தார். அந்த உத்தேசமே எனக்கு இல்லை. இந்த ஐந்து புத்தகங்களையும் தொழிலுக்கு உபயோகமானவை என்று நினைத்துத் தான் படித்தேன். நினைத்தது வீண் போகவில்லை. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், ஒரு புத்தகத்தைச் சோதித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற முறையைச் சொல்லிவிட வேண்டும்.

முன்பெல்லாம் ஊருக்கு ஊர் வாடகை நூல் நிலையங்கள் இருந்தன. அங்கே துப்பறியும் நாவல்களுக்கு மட்டும் ஒரு தனி ஆபத்து உண்டு. உங்களுக்கு முன்னால் படித்த புண்ணியவான் யாராவது, முதல் பக்கத்திலேயே பென்சிலால், 'கொலை செய்தது டாக்டர் தான்' என்று எழுதி வைத்திருப்பார். அவ்வளவு தான். மீதி முந்நூறு பக்கமும் அந்த ஒரு வரியில் உயிரை விட்டுவிடும். என் சோதனை இது தான்: முதல் பக்கத்தில் யாராவது பென்சிலால் விடையை எழுதிவிட்ட பிறகும் இந்தப் புத்தகம் பிழைத்திருக்குமா?

தமிழில் எங்கள் தொழிலுக்கு வயது குறைவில்லை. நடேச சாஸ்திரி தம்முடைய போலீஸ் நிபுணன் தானவனை 1894-லேயே வாசகர்களுக்கு அறிமுகம் செய்து வைத்துவிட்டார். பிறகு ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு என்று ஒரு வரிசை வந்தது. அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால். அதற்கும் அப்புறம் சுஜாதாவின் கணேஷும் வஸந்தும். இத்தனை பேரும் எழுதிக் குவித்ததில் பென்சில் சோதனையில் தேறுகிறவை எத்தனை? தேவனின் துப்பறியும் சாம்பு கட்டாயம் தேறுவார். சாம்பு எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அதுவும் தமக்கே தெரியாமல் கண்டுபிடிப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். இருந்தாலும் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். சாம்புவின் மேல் நமக்குள்ள பிரியம் தான் காரணம். கணேஷும் வஸந்தும் தேறுவது அவர்கள் பேச்சினால். கவனியுங்கள்: இரண்டு இடத்திலும் புத்தகத்தைக் காப்பாற்றுவது மர்மமல்ல; மனிதர்கள்.

அதிலும் ஒரு குறை இருக்கிறது. அந்த மனிதர்கள் எல்லோரும் துப்பறிகிறவர்கள். செத்துப்போனவனை யார் கவனிக்கிறார்கள்? எங்கள் கதைகளில் முதல் அத்தியாயத்தில் ஒருவன் சாகிறான். அவன் பெயர், வயது, சொத்து மதிப்பு, அவன் மேல் யார் யாருக்கு விரோதம் என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடுகிறது. கதை முடிகிற வரையில் அவனுக்காக ஒருவர் கூட அழுவதில்லை. அவன் ஒரு மனிதனாக வருவதில்லை. கணக்குப் பரீட்சையில் முதல் வரியாக வருகிறான். விடை கிடைத்ததும் கணக்கு அழிந்துபோவதற்கு இது தான் காரணம் என்று இந்த ஐந்து புத்தகங்களையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976-ல் வெளிவந்த நாவல். ஆசிரியர் கரிசல் காட்டு இடைசெவலைச் சேர்ந்தவர். ஆனாலும் 1989-ல் புதுவைப் பல்கலைக் கழகத்துக்கு நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக வந்தவர், 2021-ல் காலமாகிற வரையில் இங்கேயே தங்கிவிட்டதால், எங்களுக்கும் அவரைச் சொந்தம் கொண்டாட ஒரு பாத்தியதை உண்டு.

ஆந்திர தேசத்திலிருந்து ஓடிவந்து கரிசல் மண்ணில் காட்டை அழித்து ஊர் கட்டிக்கொண்ட ஜனங்களின் கதை இது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். சரி தான். ஆனால் இந்த நாவலில் ஒரு கொலையும் இருக்கிறது. தாகம் தாங்காமல் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணை, அவள் காதில் கிடக்கிற நகைக்காக ஒரு கள்ளன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொன்றுவிடுகிறான். அவளோ சாகும்போது அவன் கால் விரலைக் கடித்த பிடியை விடவில்லை. கொலைகாரன் அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்கிறான்.

என் தொழில் கண்ணோடு இந்த இடத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். இதே விஷயம் எங்களிடம் அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்போம்? அந்தக் கால் விரல் காயத்தைக் கடைசி அத்தியாயம் வரையில் பூட்டி வைத்திருப்போம். சந்தேகத்துக்குரிய நாலு பேரைச் செருப்பு போட்டுக்கொண்டு நடமாட விட்டிருப்போம். கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லுவார்! ராஜநாராயணன் எதையும் பூட்டி வைக்கவில்லை. யார் செய்தது, எதற்காகச் செய்தான், எப்படி அகப்பட்டான் எல்லாவற்றையும் நம் கண் முன்னாலேயே போட்டு உடைத்துவிடுகிறார். பென்சில் பிடித்த புண்ணியவானுக்கு அவர் வேலையே வைக்கவில்லை.

அதற்கு அப்புறம் தான் கதையே ஆரம்பமாகிறது. கையில் அகப்பட்ட இந்த மனிதனை என்ன செய்வது? போலீஸோ கோர்ட்டோ இல்லாத ஊர். கும்பினி ஆட்சி முழுசாக வந்து சேராத காலம். பெரியவர்கள் கூடி யோசிக்கிறார்கள். முடிவில் கழுமரம். ஒரு ஊர், தானே நீதிபதியாகவும் தானே தண்டனையை நிறைவேற்றுகிறவனாகவும் ஆகும்போது அதன் மனசுக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தப் பக்கங்களில் பார்க்கலாம். கழுவில் ஏற்றப்பட்டவனும் ஒரு மனிதன் தான் என்ற நினைப்பை ஆசிரியர் நம்மை விட்டு அகல விடுவதில்லை. கதை வழியிலே நின்று நின்று போகிறது, நடுவிலே எத்தனையோ கிளைக் கதைகள் முளைக்கின்றன என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படித் தோன்றியது. ஆனால் தண்ணீர்க் கரையில் செத்துக் கிடக்கிற அந்தப் பெண்ணை எந்தக் கிளைக் கதையாலும் மறக்க முடியவில்லை.

அடுத்தது, எங்கள் ஊர்ச் சரக்கு. மூலக்குளத்தில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம், பஸ் ஏறினால் சற்று நேரத்தில் புதுச்சேரி ரங்கப் பிள்ளை தெருவில் போய் இறங்கலாம். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிய நாட்குறிப்பைத் தான் சொல்கிறேன். அவர் டூப்ளேயின் தலைமை துபாஷாக இருந்தவர். கப்பல் வந்ததும், துணி மூட்டை போனதும், கவர்னர் கோபித்துக்கொண்டதும், யாரிடம் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதும் இதில் இருக்கின்றன. அவர் காலத்துக்குப் பிறகு ஏடுகள் மறந்து கிடந்தன. 1846-ல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904-லிருந்து 1928-க்குள் பன்னிரண்டு பாகங்களாக இங்கிலீஷில் அச்சிட்டது.

இங்கே பென்சில் சோதனை தலைகீழாகிறது. விடை நமக்குத் தெரியும், எழுதுகிறவருக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் தோற்கப் போகிறார்கள் என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். டூப்ளே 1754-ல் திரும்ப அழைக்கப்படுவார். 1761 ஜனவரியில் பிள்ளை கண்ணை மூடுவார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயர் வசமாகும். இதொன்றும் தெரியாமல் பிள்ளையவர்கள் ஜாதகம் பார்க்கிறார். நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று நம்புகிறார். தம்மை இன்னார் இன்னார் புகழ்ந்ததாக நாலு பக்கம் எழுதிக்கொள்கிறார். அந்தச் சுயபுராணம் சில சமயம் அலுப்பூட்டத் தான் செய்கிறது. ஆனால் பின்னால் வரப்போவது தெரிந்தவர்களுக்கு, அந்த அலுப்பினூடேயே ஒரு பயம் ஏறுகிறது. வாசகனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருந்தால் எவ்வளவு நெஞ்சை அழுத்தும் என்பதை எந்தக் கதாசிரியனும் இங்கே வந்து பாடம் கேட்கலாம்.

1748-ல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த சமயம், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். யார் செய்தார்கள், யார் தூண்டினார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் எழுதுகிறார். ஊர் மக்கள் வந்து முறையிடுகிறார்கள். பெரிய பதவியில் இருக்கிற அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் மனசிலிருந்த துயரமும், தம் நிலைமையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஜாக்கிரதையும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் முழு உண்மையும் சொல்லிக்கொண்டே தன்னைப் பற்றியும் கொஞ்சம் காட்டிக்கொடுத்து விடுவானே, அப்படி. இந்த மாதிரி ஒரு சாட்சியை நாவலில் படைக்க ஆயுசு பூராவும் போதாது.

இந்த நாட்குறிப்பை வைத்துக்கொண்டு பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு நாவல்கள் எழுதினார். பின்னதற்கு 1995-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பிள்ளையின் ஏடுகளில் ஓரமாக நின்றவர்களை நடுவே கொண்டுவந்து நிறுத்தினார் என்பது பிரபஞ்சனின் பெருமை. நாவலாசிரியருக்கு முடிவு தெரியும் என்பது அவருக்கிருந்த கஷ்டம். முடிவு தெரியாமல் எழுதியவரின் படபடப்பு வேண்டுமென்றால் மூலத்துக்குத் தான் போக வேண்டும். நாவல்களை முதலில் படித்துவிட்டு நாட்குறிப்புக்குப் போனால் இரண்டும் ருசிக்கும்.

மூன்றாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. "இதையா இப்போது தான் படிக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டாம், எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். 1940-லிருந்து ஆனந்த விகடனில் வாரா வாரம் வந்து, 1942-ல் ஐயர் காலமானதால் பாதியிலே நின்றுபோன சரித்திரம் இது.

1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீப்பை ஐயர் பார்க்கப் போகிறார். தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்குகிறார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி தான் முதல் அத்தியாயம். பிறகு ஏட்டுச் சுவடி கிடைக்கிறது; படித்தால் புரியவில்லை. ஜைன சமயம் தெரியாமல் இது விளங்காது என்று கண்டு, கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஒரு ஏட்டில் இல்லாததை இன்னொரு ஏட்டில் தேடுகிறார். ஊர் ஊராக விசாரணை; சாட்சிகளில் பாதிப் பேர் ஒத்துழைப்பதில்லை. ஏழு வருஷம் கழித்து, 1887-ல் சிந்தாமணி அச்சில் வெளிவருகிறது. துப்பறிவதென்றால் இது துப்பறிவது!

ஐயர் வெற்றி பெற்றார் என்பது தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு வீட்டுப் பரணுக்குக் கீழே போய் நிற்கிற போதெல்லாம், 'இருக்குமா, இருக்காதா' என்று நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஏனென்றால் அங்கே செத்துக்கொண்டிருந்தவை புத்தகங்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடுகளைக் கேட்டுப் போகிறார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் போட வேண்டும் என்று ஆகமம் சொல்லுகிறதாம். அதன்படி போட்டுவிட்டோம் என்று அங்கே சொல்லுகிறார்கள். இந்தக் கொலையில் கொலைகாரன் யார்? யாருக்கும் விரோதமில்லை, யாரும் லாபம் அடையவில்லை, பக்தியோடு செய்திருக்கிறார்கள். எரிந்துபோன ஏட்டில் என்ன இருந்தது என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. அந்த நஷ்டம் மட்டும் நிற்கிறது. குற்றவாளி இல்லாத குற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நான்காவது புத்தகத்தைச் சிலர் புத்தகம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற அரிக்கமேட்டைப் பற்றி மார்ட்டிமர் வீலர் 1946-ல் வெளியிட்ட அகழாய்வு அறிக்கை. கோடு போட்ட படங்களும் ஓடுகளின் அளவுகளுமாக இருக்கும். பொறுமை வேண்டும். ஆனால் அதன் உள்ளே ஒரு முதல் தரமான புலன் விசாரணை இருக்கிறது.

வீலர் 1944-ல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக வந்தார். சென்னை மியூஸியத்து அலமாரி ஒன்றில் மத்தியதரைக் கடல் தேசத்து மதுஜாடியின் உடைசல் ஒன்றைப் பார்க்கிறார். எங்கே கிடைத்தது? புதுச்சேரிப் பக்கம். உடனே புறப்பட்டு வருகிறார். புதுச்சேரிப் பொது நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளில், இத்தாலியில் அரெஸ்ஸோ நகரத்துப் பாணியில் செய்த சிவப்பு மண் பாத்திரங்கள் இருக்கின்றன. 1945-ல் தோண்டுகிறார். இத்தாலியப் பாத்திரம் எந்தக் காலத்தது என்பது ஐரோப்பாவில் தீர்மானமான விஷயம். அப்படியானால் அதே மண் அடுக்கில் கிடைத்த நம்முடைய பானைக்கும் அதே காலம். அந்த நம்மூர்ப் பானை தென்னாட்டில் வேறு எங்கே கிடைத்தாலும் அந்த இடத்துக்கும் ஒரு காலம் சொல்லலாம். ஒரு உடைந்த கைப்பிடியிலிருந்து தென்னிந்தியாவுக்கே காலக் கணக்கு! ஷெர்லாக் ஹோம்ஸ் இதைவிட என்ன செய்துவிட்டார்?

சுவாரஸ்யம் அதோடு முடியவில்லை. 1947 முதல் 1950 வரையில் பிரெஞ்சு அறிஞர் கஸால் தோண்டினார். 1989-லிருந்து 1992 வரையில் விமலா பெக்லி மறுபடி தோண்டினார். அந்த ஊர் வீலர் நினைத்ததற்கு முன்பே தொடங்கி, அவர் நினைத்ததைவிட அதிக காலம் வாழ்ந்தது என்று பெக்லி முடிவு கட்டினார். வீலர் எழுதிய விடையை இன்னொருவர் திருத்திவிட்டார் என்று அர்த்தம். ஒரு துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு வேறொருவர் வந்து, 'கொலைகாரன் இவன் மட்டுமல்ல' என்று சொன்னால் அந்த நாவல் எதற்கு ஆகும்? வீலரின் அறிக்கையை நான் விடைக்காகப் படிக்கவில்லை. பழைய தமிழ் எழுத்தில் தன் பெயரைக் கீறிவைத்த பானை ஓடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. இது என்னுடையது, எடுக்காதே என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒருவன் தன் பானையில் பெயர் கீறியிருக்கிறான். கப்பல்களும் ரோமாபுரி வியாபாரமும் போய்விட்டன. அந்த மனிதனின் சொந்தப் பானை பற்றிய அக்கறை மட்டும் அப்படியே இருக்கிறது. அவனைப் பற்றி நினைக்கிற வரையில் அந்த அறிக்கைக்குச் சாவில்லை.

ஐந்தாவது, ஜிம் கார்பெட் 1948-ல் வெளியிட்ட ருத்ரபிரயாகைச் சிறுத்தையின் கதை. கேதாரத்துக்கும் பத்ரிக்கும் யாத்திரை போகிற மலைப் பாதையில், 1918-லிருந்து 1926 வரையில் ஒரு ஆட்கொல்லிச் சிறுத்தை நூற்றிருபத்தைந்து பேரைக் கொன்றது. இருட்டிய பிறகு யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். கொலைகாரன் யார் என்பது அட்டையிலேயே இருக்கிறது. கார்பெட் சுட்டுவிட்டார் என்பதும் தெரியும். நான் இதை ஆரம்பித்த ராத்திரி வாசல் விளக்கை அணைக்கவில்லை.

தடம் பார்க்கிற சாமர்த்தியத்துக்காக மட்டும் இந்தப் புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் பாதியைத் தான் படித்தவர்கள். கார்பெட் ஒவ்வொரு சாவையும் தனித் தனியாகச் சொல்லுகிறார். பதினாலு வயசு அனாதைப் பையன் ஒருவன், நாற்பது ஆடுகளை மேய்க்கிற கூலி. ராத்திரி ஆடுகளோடேயே ஒரு அறைக்குள் அவனை விட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். சிறுத்தை கதவைத் திறந்து, அவ்வளவு ஆடுகளையும் தாண்டிப் போய், அந்தப் பையனை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு ஆட்டின் மேல் கூடக் கீறல் இல்லை. நாற்பது ஆடுகளும் பத்திரமாக இருக்கின்றன என்ற அந்த விவரத்தில், அந்தப் பையனின் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது. ஆட்டுக்குச் சொந்தக்காரன் இருந்தான், பையனுக்கு யாருமில்லை.

சிறுத்தை ஏன் மனிதரைத் தின்ன ஆரம்பித்தது என்பதற்கும் காரணம் சொல்லுகிறார். 1918-ல் வந்த விஷ ஜுரத்தில் ஜனங்கள் மளமளவென்று செத்தார்கள். பிணங்களை முறைப்படி தகனம் செய்ய முடியாமல் பள்ளத்தாக்கில் உருட்டிவிட்டார்கள். அங்கே தான் அதற்கு ருசி கண்டது என்கிறார். கடைசியில் சுட்டு விழுத்தின பிறகு பார்த்தால், அது வயதான ஒரு சிறுத்தை. அது செய்த குற்றம் மனிதர் வகுத்த சட்டத்துக்கு விரோதமே தவிர இயற்கைக்கு விரோதமல்ல என்ற எண்ணம் கார்பெட்டுக்கு வருகிறது. செத்த பையனுக்கும் இரங்கி, கொன்ற மிருகத்துக்கும் இரங்குகிற மனசு வேட்டைக்காரனிடம் இருந்திருக்கிறது. வெள்ளைக்கார துரைத்தனம் சில பக்கங்களில் எட்டிப் பார்ப்பது உண்மை தான். அதையும் மீறி இந்த இரக்கம் நிற்கிறது.

கடைசியாக என் தொழிலைச் சேர்ந்த ஒரே புத்தகம். பெல்ஜியத்தில் பிறந்து பிரெஞ்சில் எழுதிய ஜார்ஜ் சிமெனோன், இன்ஸ்பெக்டர் மெக்ரேயை வைத்து எழுபத்தைந்து நாவல்கள் எழுதினார். அதில் 1955-ல் வந்த ஒன்று, மெக்ரே வலை விரிக்கிற கதை. பாதி பிரெஞ்சிலும் பாதி அகராதியிலுமாகப் படித்தேன். பாரிஸில் மொமார்த்ர் பகுதியில் ஐந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். மெக்ரே வலை விரிக்கிறார். யார் மேல் குற்றம் என்பது நடுப் புத்தகத்திலேயே ஏறக்குறையத் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதியில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பென்சில் பிடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். மெக்ரே ரேகைக்கும் சாம்பலுக்கும் பின்னால் ஓடுவதில்லை. செத்தவர்களும் சந்தேகத்துக்குரியவர்களும் குடியிருந்த வீட்டில் போய் உட்கார்ந்து, அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள், எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். தீர்ப்புச் சொல்வது தம் வேலையல்ல, புரிந்துகொள்வதே வேலை என்பது அவர் கட்சி. சிமெனோனின் எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். அவசரத்தில் எழுதினவை நிறைய. ஆனால் துப்பறியும் கதையால் இலக்கியம் ஆக முடியாது என்று சொல்லுகிற பண்டிதர்களுக்கு இந்த ஒன்று போதும்.

ஆறு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒன்று கதை, ஒன்று கணக்குப்பிள்ளையின் டைரி மாதிரி, ஒன்று பண்டிதர் சரித்திரம், ஒன்று மண் வெட்டிய கணக்கு, ஒன்று வேட்டை, ஒன்று கொலை. ஆறும் பென்சில் சோதனையில் தேறிவிட்டன. ஆறும் 'யார் செய்தது?' என்ற கேள்வியோடு நிற்கவில்லை, 'யாருக்கு நேர்ந்தது?' என்றும் கேட்கின்றன. முதல் கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பெயர் போதாது. ஒரு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். வாழ்க்கையை யாரும் பென்சிலால் ஒரு வரியில் எழுதிவிட முடியாது.

இது வெறும் கதை எழுதுகிறவர்களின் விவகாரம் என்றால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். இப்போதெல்லாம் நிஜமாக நடந்த கொலைகளைக் கூட நாம் துப்பறியும் நாவலாகத் தான் படிக்கிறோம். காலையில் பத்திரிகையில், மத்தியானம் கைபேசியில், ராத்திரி தொலைக்காட்சியில் என்று பின்தொடர்கிறோம். புருஷனா, பக்கத்து வீட்டுக்காரனா என்று காப்பி குடித்துக்கொண்டே பந்தயம் கட்டுகிறோம். ஆள் அகப்பட்டதும் சுவாரஸ்யம் போய்விடுகிறது. அடுத்த கொலைக்குப் போய்விடுகிறோம். செத்த பெண்ணின் பெயர் ஒரு மாதத்துக்குப் பிறகு நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? இந்தப் பழக்கத்தை ஜனங்களுக்குக் கற்றுக் கொடுத்ததில் எங்கள் தொழிலுக்கு ஒரு பங்கு இருக்கிறது. அதை மாற்றுவதிலும் ஒரு பங்கு இருக்கத் தான் வேண்டும்.

ஆகையால், நல்ல மர்மக் கதை சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு என் சிபாரிசு: முதலில் 'கோபல்ல கிராமம்'. அதில் ருசி தட்டினால் 'என் சரித்திரம்'. இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கார்பெட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பகலில் படியுங்கள். பொறுமை உள்ளவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. இன்னும் அதிகப் பொறுமை உள்ளவர்களுக்கு அரிக்கமேடு. எல்லாம் முடிந்த பிறகு ஒரு மெக்ரே. அதற்கு அப்புறமும் அவகாசம் இருந்தால் என் நாவல்களில் ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தைத் திறக்குமுன் கையில் பென்சில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், கொன்றவன் பெயரை எழுத வேண்டாம். செத்தவன் யார் என்று புத்தகம் முடிந்தபோது உங்களுக்குத் தெரிந்ததா, இல்லையா என்பதை எழுதி வையுங்கள். அடுத்து எடுக்கிறவருக்கு அது உபகாரமாக இருக்கும்.